மரை சேர்ந்தால்தான் மாட்டும்: எலிக்காய்ச்சல் கிருமியின் மேற்புரதங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

முன்னுரை

தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடுவதற்கு முன்னால் முதலில் எட்டிப்பார்ப்பது நம் தீவுகளைத்தான். மே மாதம் மூன்றாம் வாரத்திலேயே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். வயலில் தண்ணீர் நிற்கும். பாக்குத் தோட்டத்தில் சேறு நிற்கும். வளைகளில் நீர் நிரம்பி எலிகள் மேட்டுக்கு ஏறும். மழைக்குப் பின்னாலேயே காய்ச்சலும் வரும். அப்படி வருகிற காய்ச்சல்களில் ஒன்று எலிக்காய்ச்சல். மருத்துவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள்.

சங்க மலருக்காக என்னிடம் வழக்கமாகக் கேட்பது சமணக் காப்பியம் பற்றியோ வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டு பற்றியோ ஒரு கட்டுரை. இம்முறை நானாகவே வேறு பொருளை எடுத்துக்கொண்டேன். நான் மருத்துவன் அல்லேன். இரும்புச் சாமான் வியாபாரி. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக மண்வெட்டியும் கம்பூட்ஸும் விற்கிறவன் என்பதால், சேற்றில் இறங்கிப் பாடுபடுகிற நம் ஜனங்களில் பலபேர் என் கடைப்படி ஏறியவர்கள். அவர்களில் சிலர் மழைக்காலம் முடிந்தபின் திரும்பி வரவில்லை. வீட்டார் சொன்னது ஒரே வார்த்தைதான்: "சாதாரண ஜுரம்னு நினைச்சோம் அண்ணாச்சி."

இந்தக் கிருமியின் குடும்பத்திலே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரே குட்டையில் இரண்டும் கிடக்கும். ஒன்று நம்மை ஒன்றும் செய்யாது. மற்றொன்று சில நாளில் ஆளைச் சாய்த்துவிடும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை? இரண்டு கேள்விக்கும் விடையின் பெரும்பகுதி ஓரிடத்தில்தான் இருக்கிறது. கிருமியின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள் நம் உடம்புப் புரதங்களை எப்படிப் பிடிக்கின்றன, அந்தப் பிடி வகைக்கு வகை எப்படி மாறுகிறது என்பதுதான் அது. இதை என்னால் இயன்ற அளவு எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

டாலிகஞ்சும் நம் காய்ச்சலும்

1886-இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர், மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வருகிற ஒரு காய்ச்சலைத் தனி நோயாக எழுதிவைத்தார். 1915-இல் ஜப்பானில் இனாடா, இடோ ஆகியோர் அதற்குக் காரணமான சுருள் வடிவக் கிருமியைக் கண்டார்கள். அந்தக் கிருமிக் குடும்பத்துக்கு லெப்டோஸ்பைரா என்று பெயர்.

நம் தீவுக்கும் இதற்கும் பழைய தொடர்பு உண்டு. இங்கே தண்டனைக் குடியேற்றம் இருந்த காலத்திலேயே டெய்லர், கோயல் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தமானில் இந்நோயை ஆராய்ந்து 1931-இல் விரிவான நூலாக வெளியிட்டார்கள். பிறகு அந்தப் பேச்சே மறந்துபோயிற்று. 1980-களின் கடைசியில் இங்கே ரத்தக்கசிவோடு கூடிய ஒரு காய்ச்சல் தலைகாட்டியது. என்னவென்று தெரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று பொதுவாகப் பெயர் வைத்தார்கள். இருமினால் ரத்தம் வரும். நுரையீரலே கசியும்.

போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் தலைநகரில், டாலிகஞ்ச் பக்கம் போகிறவர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1983-இல் தொடங்கிய நிலையம் அது. வட அந்தமானில் திக்லிப்பூர் பக்கம் பரவிய காய்ச்சலை அங்கிருந்து சேகல், முர்ஹேக்கர், சுகுணன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். பெயர் தெரியாத அந்தக் காய்ச்சல் லெப்டோஸ்பைரோசிஸ்தான் என்று 1995-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் விஜயாச்சாரி முதலானோர் உழைப்பில் அந்த நிலையம் இந்நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் விளங்கியது. நாம் பஸ்ஸில் கடந்துபோகிற ஓர் இடத்துக்கு இவ்வளவு பெருமை உண்டு என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு செய்தி. லெப்டோஸ்பைராவின் உள்வகைகளில் ஒன்றுக்கு 'ஆண்டமானா' என்றே பெயர். நம் தீவின் பெயரைத் தாங்கிய அந்த வகை, நோய் செய்யாத கூட்டத்தைச் சேர்ந்தது. பைஃப்ளெக்சா என்ற சாதுவான இனம். நோய் செய்கிறவற்றில் முதன்மையானது இன்டெரோகன்ஸ் என்ற இனம். உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நெளியும். வேறுபாடு மேல்தோலில் இருக்கிறது.

உடம்பின் காவல்

கிருமி எதைப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் நம் காவல் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும்.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அச்சுக் கோப்பவர் எழுத்து எழுத்தாகச் சேர்ப்பதுபோல மரபணு சொல்கிற வரிசையில் இவை சேர்கின்றன. கோத்த சங்கிலி தானாக மடங்கி ஓர் உருவம் பெறும். அந்த உருவத்தில் மேடும் பள்ளமும் இருக்கும். வேறொரு புரதத்தின் பள்ளமும் மேடும் இதற்குப் பொருந்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உடம்பில் நடக்கிற காரியங்களில் பெரும்பாலானவை இப்படி ஒட்டுவதிலும் பிரிவதிலும்தான் நடக்கின்றன.

நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று ஒரு காவல் கூட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த கூட்டம் அது. அதில் சி3பி என்ற துண்டு, நம்மவன், அந்நியன் என்று பார்க்காமல் எந்தப் பரப்பிலும் போய் ஒட்டும். ஒட்டியதும் மேலும் மேலும் ஆள் சேர்க்கும். கடைசியில் அந்தப் பரப்பில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும்.

அப்படியென்றால் நம் சொந்த செல்கள் எப்படிப் பிழைக்கின்றன? அதற்குத்தான் ஃபேக்டர் ஹெச் என்ற புரதம். இருபது மணிகள் கோத்த மாலை போன்ற நீண்ட புரதம். இது நம் செல்களின் மேலுள்ள சர்க்கரை அடையாளத்தைப் பார்த்து அங்கே அமர்ந்து, சி3பியின் வேலையை நிறுத்திவிடும். ஹேடோ துறைமுகத்தில் சென்னைச் சரக்கு இறங்குகிறதை நினைத்துக்கொள்ளுங்கள். கேட் பாஸ் உள்ள பெட்டி வெளியே போகும். இல்லாததைத் தடுத்து வைப்பார்கள். ஃபேக்டர் ஹெச் என்பது அந்தக் கேட் பாஸ். சி4பிபி என்ற இன்னொரு புரதமும் இதேபோல் காவலை அடக்கும் வேலையைச் செய்கிறது.

கெட்ட கிருமியின் தந்திரம் இங்கேதான். அது தானாகப் பாஸ் தயாரிப்பதில்லை. நம் ரத்தத்தில் மிதக்கிற ஃபேக்டர் ஹெச்சையே பிடித்துத் தன் மேல் மாட்டிக்கொள்கிறது. காவல்காரன் பார்க்கிறான்; பாஸ் இருக்கிறது; விட்டுவிடுகிறான். மனித ரத்த நீரில் போட்டால் சாதுவான லெப்டோஸ்பைரா செத்துப்போகிறது, நோய் செய்கிற லெப்டோஸ்பைரா பிழைத்துக்கொள்கிறது என்பது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். பிழைக்கிறவை ஃபேக்டர் ஹெச்சைப் பிடித்துக்கொள்வதை 2005-இல் மேரி, சிங்கோ முதலானோர் காட்டினார்கள்.

கிருமியின் கைகள்

பிடிப்பதற்குக் கை வேண்டுமே! லெப்டோஸ்பைராவின் மேல்தோலில் அப்படிப் பல கைகள் இருக்கின்றன. இரண்டு குடும்பங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது லிக் குடும்பம். இதில் லிக்ஏ, லிக்பி என்று இரண்டு முக்கியமானவை. லிக்பி சுமார் 1,890 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட கை. ஒரே மாதிரியான 12 கணுக்கள் கரும்புபோல் அடுத்தடுத்து இருக்கும். லிக்ஏ-வுக்கு 13 கணுக்கள். இரண்டுக்கும் முதல் சுமார் 630 அமினோ அமிலங்கள் அநேகமாக ஒன்றே. அதற்குப் பிறகு வழி பிரிகிறது. இந்தக் கைகள் ஃபேக்டர் ஹெச், சி4பிபி ஆகியவற்றைப் பிடிக்கின்றன. அத்தோடு திசுக்களைக் கட்டிவைக்கிற ஃபைப்ரோனெக்டின், லாமினின் ஆகியவற்றையும், ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜனையும் பிடிக்கின்றன. லிக்பி சேர்ந்தால் ஃபைப்ரின் வலை சரியாக உருவாகாமல் போவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ரத்தக்கசிவு ஏன் வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு தடயம்.

இரண்டாவது லென் குடும்பம். லென்ஏ முதல் லென்எஃப் வரை ஆறு சகோதரர்கள். லென்ஏ, லென்பி இரண்டும் ஃபேக்டர் ஹெச்சைப் பிடிப்பவை. லென்ஏ பிளாஸ்மினோஜனையும் பிடிக்கும். அது உடம்பின் கத்திரிக்கோலுக்கு மூலப்பொருள். அதைக் கத்திரிக்கோலாக மாற்றிக்கொண்டால் திசுக் கட்டுகளை அறுத்து உள்ளே போகலாம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், லிக் கைகள் எப்போதும் நீட்டிக்கொண்டே இருப்பதில்லை. குட்டைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. நம் ரத்தத்தின் உப்பு சுமார் 0.9 சதவீத உப்புக் கரைசலுக்குச் சமம். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டில் அளவு. காலில் உள்ள சிறு வெட்டு வழியாகக் கிருமி உள்ளே நுழைந்ததும் இந்த உப்பு வித்தியாசத்தை உணர்ந்து லிக் புரதங்களை அதிகமாக உண்டாக்கத் தொடங்குகிறது. இதை மட்சுனாகா குழுவினர் 2005-இல் காட்டினார்கள். வெளியில் கையைக் கட்டிக்கொண்டிருந்தவன் வீட்டுக்குள் வந்ததும் கையை நீட்டுகிற கதைதான்.

சாதுவான பைஃப்ளெக்சாவுக்கு லிக் மரபணுக்களே இல்லை. 2011-இல் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்தச் சாதுவுக்குள் லிக் மரபணுக்களைப் புகுத்தினார்கள். அது உடனே மனித ஃபைப்ரோனெக்டினையும் செல்களையும் முன்னைவிட நன்றாகப் பற்றிக்கொண்டது. ஆண்டமானா போன்ற சாதுக்களுக்கும் ஆளைக் கொல்லும் வகைக்கும் இடையே உள்ள தூரத்தில், இந்தக் கைகள் ஒரு முக்கியமான பகுதி என்பது இதனால் விளங்கும்.

வேறுபாட்டின் மூன்று வகை

இனி நம் தலைப்புக்கு வருவோம். இந்தக் கைகள் எல்லாக் கிருமியிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றின் மாறுதலை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது. என் கடைச் சரக்கை வைத்தே சொல்கிறேனே.

முதல் வகை: தலை மாறும், மரை மாறாது. போல்ட்டுக்குத் தலை அறுகோணமாக இருக்கலாம், சதுரமாக இருக்கலாம், பெயின்ட் அடித்திருக்கலாம். நட்டுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மரை சேர்ந்தால் போதும். நம் உடம்பின் எதிர்ப்பொருள்கள் தலையைப் பார்த்து ஆளை அடையாளம் வைத்துக்கொள்கின்றன. ஆகவே கிருமி தலையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் நம் புரதத்தைப் பிடிக்கிற மரையை அப்படி மாற்றிவிட முடியாது. மாற்றினால் தனக்கே நஷ்டம்.

இதற்கு நல்ல சாட்சி தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். நம் பிள்ளைகளில் சிலருக்கு வாத ஜுரமும் பிறகு இதய வால்வு நோயும் வருவதற்கு இதுதான் மூலம். இதன் எம் புரதத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நுனிப்பகுதியை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவே இல்லாத மாதிரி இருக்கும். ஆனாலும் பல வகைகள் ஒரே சி4பிபியைப் பிடிக்கின்றன. இது எப்படி என்று வெகுநாள் புதிர். 2016-இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் எம்2, எம்22, எம்28, எம்49 என்ற நான்கு வகைகளையும் சி4பிபியோடு சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தார்கள். மேலுக்கு வேறுபட்டாலும், பிடிக்கிற இடத்தில் சில எழுத்துகள் மட்டும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் பொதுவான ஒழுங்கோடு நின்றன. நூறு ஊர்ப் பேச்சுவழக்கில் இலக்கணம் ஒன்றாக இருப்பதுபோல.

இரண்டாம் வகை: மரையே சற்று மாறும். இதுதான் வியாபாரிக்குத் தலைவலி. அரை அங்குல போல்ட் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். பழைய இங்கிலீஷ் கணக்கு மரையென்றால் அங்குலத்துக்கு 12 சுற்று. அமெரிக்கக் கணக்கென்றால் 13. கண்ணால் பார்த்தால் தெரியாது. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகிக்கொண்டு நின்றுவிடும். ஒரு சுற்று வித்தியாசம்தான். பிடி கெட்டுப்போகும்.

புரதத்திலும் அப்படியே. ஆயிரம் எழுத்தில் இரண்டு மூன்று மாறினாலே பிடியின் பலம் கூடலாம், குறையலாம். எங்கே மாறியது என்பதைப் பொறுத்தது. ஓரத்தில் மாறினால் ஒன்றும் ஆகாது. மரையில் மாறினால் எல்லாம் மாறும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ஃபைப்ரோனெக்டினைப் பிடிக்க வைத்திருக்கும் புரதம் சுமார் ஆயிரம் அமினோ அமிலம் நீளமுள்ளது. இதயத்தில் பேஸ்மேக்கர் முதலான கருவி வைத்தவர்களின் ரத்தத்தில் கிடைத்த கிருமிகளை அமெரிக்காவில் ஒரு குழு ஆராய்ந்து 2011-இல் முடிவு வெளியிட்டது. கருவியில் தொற்று ஏறியவர்களிடம் எடுத்த கிருமிகளில், அந்தப் புரதத்தின் மூன்று இடங்களில் எழுத்து மாறியிருப்பது அதிகமாகக் காணப்பட்டது. ஒரு கிருமிக்கும் ஃபைப்ரோனெக்டினுக்கும் நடுவே உள்ள இழுவிசையை நுண்ணூசி கொண்டு அளந்தபோது, மாறியவற்றின் பிடி பலமாக இருந்தது. மூன்றே எழுத்து. ஒருவருக்குக் கருவி வேலை செய்கிறது, மற்றவருக்கு அதைக் கழற்ற வேண்டி வருகிறது என்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

நட்டு நம் பக்கத்திலும் மாறுகிறது என்பதை மறக்கக்கூடாது. நம் ஃபேக்டர் ஹெச் புரதத்தின் 402-ஆம் இடத்தில் சிலருக்கு டைரோசின் இருக்கும், சிலருக்கு ஹிஸ்டிடின் இருக்கும். இந்த ஒரு மாற்றத்தாலே ஸ்ட்ரெப்டோகாக்கஸின் எம் புரதத்தோடு சேர்கிற பிடி குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு வந்தது மற்றவருக்கு வரவில்லையே என்றால், தண்ணீரில் நின்ற நேரம், காலில் இருந்த காயம், உடல்வாகு ஆகியவற்றோடு இதுபோன்ற பிறவி வேறுபாடும் ஒரு காரணமாகலாம்.

மூன்றாம் வகை: போல்ட்டே இடம் மாறும், எண்ணிக்கை மாறும். லெப்டோஸ்பைராவில் இதுதான் அதிகம். லிக்பி மரபணு நோய் செய்யும் இனங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. லிக்ஏ மரபணுவோ இன்டெரோகன்ஸ், கிர்ஷ்னெரி போன்ற சில இனங்களில்தான் உண்டு. பல நாட்டுக் கிருமிகளின் லிக் மரபணுக்களை 2009-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒன்றின் துண்டை மற்றொன்று வாங்கி ஒட்டுப்போட்ட அடையாளங்கள் தெரிந்தன. பழைய துணிகளை வெட்டித் தைத்த ஒட்டுப்போர்வை மாதிரி.

ஒரு கை போனாலும் கிருமி சும்மா இருப்பதில்லை. லிக்பி மட்டும் இல்லாத கிருமியை 2008-இல் உருவாக்கிப் பார்த்தார்கள். வெள்ளெலிகளுக்கு அப்போதும் நோய் வந்தது. மேல்தோலில் மிகுதியாக இருக்கும் லிப்எல்32 என்ற புரதத்தை 2009-இல் நீக்கிப் பார்த்தார்கள். அப்போதும் வந்தது. 2015-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் லிக்ஏ, லிக்பி இரண்டையும் ஒருசேர அடக்கியபோதுதான் கிருமி பல் பிடுங்கிய பாம்பாயிற்று. ஒரு போல்ட்டைக் கழற்றினால் கதவு விழாது. மாற்றுப் போல்ட் போட்டிருக்கிறான். எல்லாவற்றையும் தெரிந்து கழற்ற வேண்டும்.

எல்லா ஊருக்கும் ஒரே ஊசி ஏன் போதவில்லை

இதெல்லாம் ஆய்வுக்கூடத்து சமாசாரம்தானே, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் அதிகம்.

லெப்டோஸ்பைராவின் புரதங்களைச் சுற்றி, கொழுப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பூச்சு இருக்கிறது. இந்தச் சர்க்கரை வேறுபாட்டை வைத்துத்தான் இக்கிருமியை 250-க்கும் மேற்பட்ட உள்வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். போல்ட்டின் பெயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறைத் தடுப்பூசி என்பது கொன்ற கிருமியை அப்படியே ஊசியாகப் போடுவது. அது பெரும்பாலும் பெயின்ட்டைத்தான் உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிறது. கியூபாவிலும் சீனாவிலும் பிரான்சிலும் அவரவர் ஊரில் பரவுகிற உள்வகையை வைத்து மனிதருக்கு ஊசி செய்தார்கள். அந்த ஊசி வேறு உள்வகைக்குச் சரியாகக் காக்காது. இந்தியாவில் மனிதர்களுக்கென்று பொதுப் பயன்பாட்டில் எந்த ஊசியும் இல்லை.

ஆகவே ஆய்வாளர்கள் பெயின்ட்டை விட்டு மரையைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். லிக்ஏ-வின் வால்பகுதியை ஊசியாகப் போட்டபோது வெள்ளெலிகள் சாவிலிருந்து தப்பின என்று 2007-இல் செய்தி வந்தது. நல்ல செய்தி. ஆனால் தப்பிய எலிகளின் உடம்பிலும் கிருமி முழுக்க ஒழியவில்லை. லிக்ஏ இல்லாத இனத்துக்கு அந்த ஊசி என்ன செய்யும் என்ற கேள்வியும் நிற்கிறது. லிக்பி எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் எழுத்து மாறுகிறது. எந்த எழுத்து மாறுவதே இல்லை, எது மாறினால் கிருமியின் பிடி நழுவும் என்பதைக் கண்டால்தான் பொது ஊசிக்கு வழி பிறக்கும். மாறுகிறதைப் படிப்பதே மாறாததைக் கண்டுபிடிக்கத்தான்.

இங்கேதான் டாலிகஞ்சின் அருமை தெரிகிறது. நோயாளியின் ரத்த நீரை உயிருள்ள கிருமியோடு கலந்து, அவை கட்டியாகச் சேர்கின்றனவா என்று இருட்புல உருப்பெருக்கியில் பார்ப்பது இந்நோயின் தரமான சோதனை. அதற்கு அந்தந்த ஊரில் கிடைத்த கிருமி வகைகள் கையிருப்பில் இருக்க வேண்டும். வேற்றூர்க் கிருமியை வைத்துச் சோதித்தால் நம் ஊர் நோயாளிக்கு 'இல்லை' என்று விடை வரலாம். நம் தீவுக் கிருமிகளை வளர்த்துக் காப்பதும், அவற்றின் மரபணுவைப் படிப்பதும் நம் வீட்டுக் கணக்கு. வெளியூர்க்காரர் நமக்காக இதைச் செய்ய மாட்டார்.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு இந்நோய் வருகிறது, சுமார் 58,900 பேர் இறக்கிறார்கள் என்று 2015-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. வெப்ப நாடுகளில் வயலிலும் சாக்கடையிலும் உழைக்கிறவர்களே இதில் அதிகம். பணக்கார நாட்டின் பெரிய கம்பெனிகள் இதில் ஏன் அவ்வளவு அக்கறை காட்டவில்லை என்பதை வியாபாரியான நான் விளக்கத் தேவையில்லை.

நாம் செய்ய வேண்டியவை

ஊசி வருகிறபோது வரட்டும். அதுவரை நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

ஒன்று, கிருமிக்கு வாசல் காயமும் வெடிப்பும். வாய், மூக்கு, கண்ணின் மென்தோலும் வாசல்தான். சேற்றில் இறங்குமுன் கம்பூட்ஸ் போடுங்கள். காலில் வெட்டு இருந்தால் நீர் புகாமல் மூடிவிட்டு இறங்குங்கள். (என் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை!) மாடு, பன்றி, நாய் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எலி மட்டுமல்ல, இவற்றின் சிறுநீரிலும் கிருமி வரும்.

இரண்டு, குடிநீரைக் கொதிக்க வையுங்கள். எங்கள் நயினார் வீடுகளில் தண்ணீரைத் துணியால் வடிகட்டிக் குடிப்பது தொன்றுதொட்ட வழக்கம். கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் தீங்கு கூடாது என்ற எண்ணத்தில் வந்தது. நல்ல வழக்கம். ஆனால் லெப்டோஸ்பைராவின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடத்தின் நுண்வடிகட்டியிலேயே நழுவிவிடும்; நம் துணி எம்மாத்திரம்? வடிகட்டியபின் கொதிக்கவும் வைக்க வேண்டும்.

மூன்று, மழைக்காலத்தில் திடீர்க் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு இவை சேர்ந்து வந்தால் இரண்டாம் நாளே மருத்துவரிடம் போங்கள். மஞ்சள் தட்டுவதும், சிறுநீர் குறைவதும், இருமலில் ரத்தம் வருவதும் ஆபத்தான கட்டம். அதற்குக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "வயல்ல இறங்கினேன், கால்ல காயம் இருந்தது." இந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கும்.

நான்கு, முதல் சில நாள்களில் எதிர்ப்பொருள் சோதனை 'இல்லை' என்று காட்டலாம். உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்கவே ஐந்து நாள், ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே சோதனைத் தாளை நம்பி வீட்டில் படுத்துவிடாதீர்கள். பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற பழைய மருந்துகளே இந்நோய்க்குப் பலன் தருகின்றன. தொடக்கத்தில் கொடுத்தால் நல்லது. கிருமியின் மேல்தோல் எத்தனை விதமாக மாறினாலும் இம்மருந்துகளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவை அடிக்கிற இடம் வேறு. வட அந்தமானில் வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்த்து 2000-இல் முடிவு வெளியிட்டார்கள். தொற்று ஏறுவதை அது தடுக்கவில்லை. ஆனால் நோயாக முற்றுவதைக் குறைத்தது. இதை மருத்துவர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி அல்ல.

முடிவுரை

கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருள்கிருமி, பன்னிரண்டு கணுக் கையை நீட்டி, நம் ரத்தத்தில் ஓடும் காவல் சீட்டைப் பறித்து மாட்டிக்கொள்கிறது. அந்தக் கையை நம் உடம்பு அடையாளம் வைத்துக்கொண்டால், கிருமி கையின் சாயலை மாற்றுகிறது. ஆனால் பிடிக்கிற இடத்தை மட்டும் அது இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. நம் புரதத்தின் வடிவம் அதற்கு ஒரு கட்டுப்பாடு விதிக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டில்தான் மருத்துவத்தின் நம்பிக்கை இருக்கிறது.

நம் பிள்ளைகளில் பலர் இன்று உயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கிறார்கள். படித்து முடித்து பெங்களூருக்கும் அயல்நாட்டுக்கும் போவதில் தப்பில்லை. ஆனால் அவர்களில் ஒருவராவது நம் தீவுச் சேற்றில் கிடக்கும் கிருமியின் மரையை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான உருப்பெருக்கி அமெரிக்காவில் மட்டும் இல்லை, டாலிகஞ்சிலும் இருக்கிறது.